ஹைவே இருக்க, உள்வீதியால் ஏன் போகிறோம்?

பழைய_ஆல்ட்டோ | வெள்ளவத்தை | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இது கேள்வியா புலம்பலா என்று எனக்கே தெரியவில்லை. வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன கிழமை மாத்தறையில் ஒரு கலியாணம். விடிய ஆறு மணிக்குக் கொட்டாவையில் ஹைவே ஏறினோம், எட்டு மணிக்கு முன்பே மாத்தறை. இடையில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் பச்சைப் பலகை, கம்பி வேலி, முன்னால் போன ப்ரியஸின் பின்பக்கம். அவ்வளவுதான். திரும்பும்போது கொடகமவில் ஹைவே ஏறவேண்டிய இடத்தைக் கதைத்துக்கொண்டே தவறவிட்டேன். வண்டியைத் திருப்பப் பஞ்சி. சரி, பழைய காலி வீதியாலேயே போவோம் என்று விட்டேன். வீடு வர ஐந்தரை மணித்தியாலம்.

பின் சீற்றில் அம்மா. வயது 71, முழங்கால் வலி. முதல் அரை மணித்தியாலம் என்னைத் திட்டினார். வெலிகமையில் செவ்விளநீர் குடித்ததும் திட்டுக் குறைந்தது. கொக்கலைப் பக்கம் கடலுக்குள் நட்ட கம்பில் இருந்து மீன் பிடிக்கிறவர்களைப் பார்த்து, "இவை இன்னும் இருக்கினமோ" என்றார். (இருக்கிறார்கள், ஆனால் இப்போது மீனை விடப் படமெடுக்க வருகிறவர்கள் தரும் காசுதான் கூட.) பெரேலியவில் சுனாமி நினைவிடம் வந்ததும் காரை நிறுத்தச் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று அங்கே அலை அடித்துக்கொண்டு போன ரயிலில் இருந்தவர்களை நினைத்து இறங்கி நின்று கும்பிட்டார். ஹைவே வந்த பிறகு எத்தனையோ தடவை தெற்குப் பக்கம் போயிருக்கிறோம், அந்த இடத்தை ஒரு தடவைகூடக் கடக்கவில்லை.

இன்றைக்கு எட்டு நாள். கலியாண வீட்டுச் சாப்பாடு மறந்துவிட்டது, திரும்பி வந்த வழி மறக்கவில்லை. அதுதான் கேட்கிறேன், உங்களுக்கும் இப்படி இருக்கிறதா? ஆம் என்றால் இரண்டு நாளில் போய்வரக் கூடிய ஒரு வழி சொல்லுங்கள். கார் 800 சிசி ஆல்ட்டோ, மனுவல் கியர். அம்மாவும் வருவார். வளைவு கூடினால் அவருக்கு வயிற்றைப் பிரட்டும்.


தெமட்டகொட_நானா | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, மாத்தறை வரை ஏன்? நான் மாதம் ஒரு தடவை சுபஹ் தொழுதுவிட்டு வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகிற வழி ஒன்று இருக்கிறது. வத்தளையில் ஹெந்தளைப் பக்கம் திரும்பி உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம, தலாஹேன என்று நீர்கொழும்பு வரை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஹமில்டன் கால்வாய், அதற்கு அங்கால் முத்துராஜவெல சதுப்பு. ஊரில் எல்லாரும் அதை ஒல்லாந்தர் கால்வாய் என்பார்கள், ஆனால் 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்தது வெள்ளைக்காரன். பதினாலரை கிலோமீற்றர். காலையில் தோணியில் வலை காயப்போடுவார்கள், தேவாலய மணி கேட்கும், வாசலில் கருவாடு காயும். அதே சதுப்பின் மறுகரை ஓரமாகத்தான் கட்டுநாயக்க ஹைவே போகிறது. அங்கே போகிறவனுக்குக் கருவாட்டு மணம்கூட வராது.

எட்டு மணிக்கு நீர்கொழும்பில் மீன், பத்தரைக்கு வீடு. அம்மாவுக்கு ஒரு வளைவும் இல்லை.


கணக்கர் | ஞாயிறு, இரவு 11.20

நான் மறுபக்கம் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஹைவே கொட்டாவையிலிருந்து காலி வரை 2011 இல் திறந்தது, மாத்தறை வரை 2014 இல். அதற்கு முன் காலிக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கச் செலவானது இங்கே யாருக்கும் நினைவில்லையா? காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் கறுப்புப் புகையைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு சந்தியிலும் மஞ்சள் கோட்டில் நின்று நின்று போனதற்குப் பெயர் ரசனையா? என் அப்பாவைக் காலியிலிருந்து கொழும்புக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தது ஹைவேயால்தான். பழைய வீதியால் வந்திருந்தால் இன்றைக்கு அப்பா இல்லை.

பழைய_ஆல்ட்டோவுக்குப் பிடித்தது வீதி இல்லை. அன்றைக்கு அவருக்கு அவசரம் இல்லை, அதுதான் விஷயம். அவசரம் இல்லாதவனுக்கு மருதானைச் சந்திகூட அழகுதான்.

இன்னொன்று. "அழகு பார்க்கிறோம்" என்று மலை வீதியில் 20 இல் போய்ப் பின்னால் பதினைந்து வாகனத்தைக் கட்டி இழுக்கிறவர்கள் தயவுசெய்து கையைத் தூக்குங்கள்.


இரண்டாம்_கியர் | திங்கள், காலை 5.50

கணக்கர் ஐயா கடைசியாகச் சொன்னதற்கு நான் இரண்டு கையையும் தூக்குகிறேன், அவர் பக்கம் நின்று. 27 வருடம் வான் ஓடியவன் நான். வெளிநாட்டுக்காரர், கோயில் யாத்திரை, கலியாணம், மரண வீடு எல்லாம். மெதுவாகப் போவது பிழை இல்லை. பின்னால் இரண்டு வாகனம் சேர்ந்தால் இடது பக்கம் ஒதுங்கி விட வேண்டும். விடாதவன் ரசிகன் இல்லை, தடை.

இப்போது ஆல்ட்டோ தம்பிக்கு. மலைக்கு 800 சிசி போதும், பயப்படாதீர்கள். ஏறுவது எஞ்சினின் வேலை, அது பார்த்துக்கொள்ளும். இறங்குவதுதான் உங்கள் வேலை. ஒரு மேட்டில் ஏற எந்த கியர் வேண்டுமோ இறங்கவும் அதே கியர். நாலாம் கியரில் விட்டுவிட்டு பிறேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் ஐந்தாறு கிலோமீற்றரில் ரப்பர் கருகுகிற மாதிரி மணம் வரும். அதற்குப் பிறகு மிதித்தால் பிறேக் பிடிக்காது. மணம் வந்தால் ஒதுக்கி நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டோ கியர் வைத்திருக்கிறவர்கள் டி யில் இறங்காதீர்கள், அக்குவாவில் பி இருக்கிறது, வாகன்ஆரில் எல் இருக்கிறது. அதை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

ஒடுங்கிய இடத்தில் ஏறி வருகிறவனுக்கு வழி. இறங்குகிறவன் நிற்க வேண்டும். குருட்டு வளைவில் ஹோர்ன் அடியுங்கள், அங்கே அது மரியாதை.

நானுஓயா ரதெல்ல குறுக்கு வழியை கூகுள் மேப் நல்ல பிள்ளை மாதிரிக் காட்டும். 2023 ஜனவரியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வந்த பஸ் அந்த இறக்கத்தில் வானோடு மோதி ஏழு பேர் போனார்கள். 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேல். நான் பயமுறுத்தவில்லை. அந்த வளைவுகள் எல்லாம் நான் ஆயிரம் தடவை போனவை, அதனால் சொல்கிறேன்.


கொழுந்துக்கூடை | கொட்டாஞ்சேனை | திங்கள், மதியம் 1.15

பிளேன்டீ நேரத்தில் எழுதுகிறேன், நீண்டுவிட்டால் மன்னிக்கவும்.

நான் பொகவந்தலாவையில் பிறந்தவன். வேலைக்குக் கொழும்பு வந்து பதினாறு வருடம். நீங்கள் "அழகான உள்வீதி" என்கிற எல்லாம் எங்களுக்கு பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு) போகிற வீதி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற வீதி. அந்த வளைவுகளை யாரும் படம் எடுப்பதற்காக வெட்டவில்லை. முதலில் கோப்பி மூட்டை இறங்க, பிறகு தேயிலைப் பெட்டி இறங்க வெட்டினார்கள். மாட்டு வண்டி ஏறக் கூடிய சரிவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வெட்டியவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று யாரும் பலகை வைக்கவில்லை. கடுகண்ணாவையில் வீதி போட்ட கப்டன் டோசனுக்குக் கோபுரம் இருக்கிறது, கல் சுமந்தவனுக்கு இல்லை.

கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலையக மக்கள் இங்கே வந்து 200 வருடம் ஆன 2023 இல் அந்த வழியைத் திரும்ப நடந்தார்கள், 16 நாள். நானும் கடைசி மூன்று நாள் நடந்தேன். நீங்கள் தம்புள்ளையில் சோளம் வாங்கித் தின்று, ஏசி போட்டுக்கொண்டு கடக்கிற அதே வழிதான்.

வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள். ஒரே ஒரு விஷயம்: கொழுந்து எடுக்கிற பெண்களைக் கண்டதும் காரை நடு வளைவில் நிறுத்திவிட்டுக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அட்டை கடித்த காலோடு, நிறுவை குறைந்தால் அரைப்பேர் (பாதி நாள் சம்பளம்) விழும் என்ற யோசனையோடு நிற்கிறவரை "சிரிங்க அக்கா" என்கிறார்கள். அவர்களுடைய நாள் சம்பளம் 1,000 ரூபாயைத் தொடவே 2021 ஆகிவிட்டது. அந்தப் படத்துக்கு எத்தனை லைக் விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.


பழைய_ஆல்ட்டோ | திங்கள், மாலை 6.30

கொழுந்துக்கூடை அண்ணே, உண்மையைச் சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் தலவாக்கலையில் நானும் அப்படிப் படம் எடுத்தவன்தான். அது இன்னும் என் போனில் கிடக்கிறது.

நீங்கள் தப்பாக எடுக்கவில்லை என்றால் உங்கள் ஊர்ப் பக்கமே வரலாமா? எந்த வழி?


ஒழுங்கை | தெஹிவளை | திங்கள், இரவு 8.45

கணக்கர் அவசரம் இல்லாததுதான் காரணம் என்கிறார். எனக்குக் காரணம் வேறு. இளையவர்களுக்குப் புரியுமோ தெரியாது.

1990களில் கொழும்பில் இருந்த தமிழருக்கு உள்வீதி என்றால் பயம். எங்களிடம் ஒரு டட்சன் சனி இருந்தது. அது ஓடிய தூரம் வீட்டிலிருந்து கந்தோர், கந்தோரிலிருந்து கோயில். அதற்கு வெளியே எங்கே திரும்பினாலும் ஒரு தடைமுகாம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, பிறந்த ஊர் எது, இங்கே ஏன் வந்தாய். பருத்தித்துறை என்று அட்டையில் இருந்தால் காரின் டிக்கி திறக்கும். வழி தெரியாமல் ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடமும் எங்கள் வீட்டில் "ரிப்" என்ற சொல் கிடையாது. பிரயாணம் என்றால் காரணம் வேண்டும், காரணத்துக்குக் கடிதம் வேண்டும்.

2002 இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி திறந்தது, ஒரு தடவை போனோம். 2006 இல் மறுபடி மூடியது. யுத்தம் முடிந்த பிறகு, 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தார்கள். அந்த வருடமே யாழ்ப்பாணத்துக்கு ஏ9 ஆல் போகாமல் மன்னார் சுற்றி, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி என்று ஏ32 ஆல் போனேன். அப்போது பாதி வீதி கிரவல். வண்டிக்குள் எல்லாம் செம்மண். இரண்டு பக்கமும் பற்றை, இடைக்கிடை கூரை இல்லாத வீடு, பாலத்தில் ஏறினால் திடீரென்று இரு பக்கமும் கடல்நீர். அழகு என்று சொல்ல முடியாது. மனைவி அழுதாள். ஆனால் வழியில் மூன்று இடத்தில் காரணமே இல்லாமல் திரும்பினேன், ஒரு குளத்தடிக்கு, ஒரு கோயிலடிக்கு, இன்னொன்று எதற்கென்று ஞாபகம் இல்லை. ஏன் திரும்பினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தால் தெரியாத வீதியாகப் பார்த்துத் திரும்புவேன். மகன் "அப்பா, மேப் நேரே போகச் சொல்கிறது" என்பான். சொல்லட்டும்.


கணக்கர் | திங்கள், இரவு 9.10

ஒழுங்கை ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாபஸ் வாங்குகிறேன், உங்கள் விஷயத்தில் மட்டும்.


தனிச்சவாரி | நுகேகொடை | செவ்வாய், காலை 7.20

ஆண்கள் எல்லோரும் பிறேக், கால்வாய், பாலம் என்று எழுதிவிட்டீர்கள். கழிவறையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 71 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு முதல் கேள்வி அதுதான்.

நான் வாகன்ஆரில் தனியாகவே ஓடுகிறவள். உள்வீதியில் எனக்கு முதல் திட்டம் மலை இல்லை, அடுத்த நல்ல கழிவறை. பெரிய தேயிலைத் தொழிற்சாலைகளில் விற்பனை நிலையம் இருந்தால் அங்கே சுத்தமாக இருக்கும், ஒரு கோப்பை தேநீர் குடித்தால் போதும். பிரதான வீதியில் உள்ள பெரிய பெற்றோல் ஷெட்கள் பரவாயில்லை. பெண்கள் நடத்துகிற ஹெல போஜுன் கடைகளில் ஹலப, கொல கெந்த, குரக்கன் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டு தைரியமாகக் கேட்கலாம். பொகவந்தலாவைப் பக்கம் போவதென்றால் ஹட்டனில் வேலையை முடித்துவிட்டு ஏறுங்கள்.

தனியாகப் போகப் பயமில்லையா என்று எப்போதும் கேட்பார்கள். ஹைவேயில்தான் எனக்குப் பயம். ஒரு தடவை ரயர் வெடித்து நாற்பது நிமிடம் வேலியோரம் நின்றேன், எல்லாரும் நூறில் பறந்தார்கள். எஹெலியகொடைக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து வீதியில் அதே மாதிரி நின்றபோது ஐந்து நிமிடத்தில் ஒரு சைக்கிள்காரர், ஒரு பாட்டி, இரண்டு நாய். பாட்டி எனக்கு ரம்புட்டான் உரித்துத் தந்துகொண்டே இருந்தார், சைக்கிள்காரர் ரயரை மாற்றினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. நாய்களுக்கு பிஸ்கட் கொடுத்தேன், அவை வாங்கின.

வயிற்றைப் பிரட்டுவதற்கு: அம்மாவை முன் சீற்றில் இருத்துங்கள். வெறும் வயிற்றிலும் போகக் கூடாது, நிறையச் சாப்பிட்டும் போகக் கூடாது. ஒரு தேசிக்காயைக் கையில் கொடுத்து முகரச் சொல்லுங்கள். போனைப் பார்க்க விடாதீர்கள்.


இரண்டாம்_கியர் | செவ்வாய், காலை 7.45

பிள்ளை சொன்னது முழுக்கச் சரி. 27 வருடத்தில் என் வானில் ஏறிய பெண்கள் எத்தனை பேர் தண்ணீர் குடிக்காமலே வந்தார்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது.

காலநிலை ஒன்று விட்டுப்போனது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் அடித்துக் கொட்டும். அந்த மாதங்களில் மலை பார்க்க வேண்டும் என்றால் மறுபக்கம் போங்கள், அப்புத்தளை, பண்டாரவளை, ஊவாப் பக்கம் வெயில் இருக்கும். ஹட்டன் பக்கத்துக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச். ஆனால் அது சிவனொளிபாதமலைக் காலமும்தான், டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் போயா வரை சனி ஞாயிறில் மஸ்கெலியா வீதி பஸ்ஸால் நிறைந்துவிடும்.

மழை பெய்தால் வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே காரை நிறுத்தாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலை வீதிகள் எத்தனை இடத்தில் அறுந்தன என்று கண்ணால் பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கும். புறப்பட முதல் அதைப் பாருங்கள். சிவப்பு என்றால் அங்கே குடியிருக்கிறவர்களையே எழும்பிப் போகச் சொல்கிறார்கள், நீங்கள் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. ஆம்புலன்ஸ் 1990.


கொழுந்துக்கூடை | செவ்வாய், இரவு 10.30

ஆல்ட்டோ தம்பி, தப்பாக எடுக்கவில்லை. போனில் கிடக்கிற படத்தை அழிக்கவும் வேண்டாம். அடுத்த தடவை கேட்டுவிட்டு எடுங்கள், அது போதும். வழி எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து ஹைலெவல் வீதியால் போகாதீர்கள். கடுவலை, ஹங்வெல்ல என்று களனி ஆற்றை ஒட்டி வருகிற பழைய அவிசாவளை வீதியால் போங்கள். ரம்புட்டான் காலமாக இருந்தால் மல்வானைக் காய் வீதியோரம் குவிந்து கிடக்கும். அவிசாவளையில் ஏ7 பிடித்து எட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன். கினிகத்தேனைக்குப் பிறகு குளிர் பிடிக்கும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் பெரிய வெளிச்சம் போடாதீர்கள், பனியே திரும்பக் கண்ணில் அடிக்கும், சின்ன வெளிச்சம் போதும்.

இரவு ஹட்டனில் தங்குங்கள். காலையில் டிக்கோயா, காசல்ரீ நீர்த்தேக்கம், நோர்வூட். நேரம் இருந்தால் நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஒரு எட்டு. மவுசாக்கலையில் தண்ணீர் நன்றாக வற்றிய காலமாக இருந்தால் அணை கட்டியபோது மூழ்கிய பழைய ஊரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். என் ஆத்தா அந்தப் பழைய ஊரில் சந்தைக்குப் போனவர். தண்ணீர் நிறைந்த காலத்தில் போனால் வெறும் ஏரிதான், அழகான ஏரி.

பிறகு பொகவந்தலாவை. "தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு" என்று பலகை போடுவார்கள். பொன் யாருக்கு என்று நான் கேட்க மாட்டேன், மேலே நிறையக் கேட்டுவிட்டேன். அங்கே சென். மேரிஸ் தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. புகைப்படக் கலையில் உலகப் பெயர் பெற்ற அம்மணி, 1879 இல் இலங்கையில்தான் இறந்தார். இங்கே இருந்த காலத்தில் எங்கள் ஆட்களையும் படம் எடுத்திருக்கிறார். கேட்டுவிட்டு எடுத்தாரா தெரியாது. அந்தக் காலத்துக் கமராவுக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டியிருந்ததால், குறைந்தபட்சம் நில்லுங்கள் என்றாவது சொல்லியிருப்பார்.

வந்த வழியே திரும்ப வேண்டாம். பொகவந்தலாவையிலிருந்து பின்னவலை வழியாக பலாங்கொடைக்கு ஒரு வீதி இறங்குகிறது. ஒடுக்கம், இடைக்கிடை உடைசல். மழை நாளில் வேண்டாம். நல்ல வெயில் என்றால் அதுதான் நீங்கள் தேடுகிற வீதி. பலாங்கொடையில் ஏ4, இரத்தினபுரி, வீடு.

ஒவ்வொரு பெரிய வளைவிலும் ஒரு முனியாண்டி இருப்பார். எங்கள் டிரைவர்கள் அவருக்கு ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். இரண்டாம்_கியர் அண்ணே சொல்கிற மரியாதையும் அதுதான், வளைவுக்கு அங்கால் வருகிறவனுக்கும் கேட்கும்.


தெமட்டகொட_நானா | புதன், காலை 9.00

இந்த வழியை 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். கிழமைக்கு 20 லீற்றர், கியூஆர் காட்டினால்தான் பெற்றோல். அப்போது எங்கள் வீட்டு ரிப் எல்லாம் ஷெட் வரிசைதான். மனிசி சோறு கட்டித் தருவா, இரவு முழுக்க வரிசையில் பக்கத்து வாகனக்காரனோடு கரம் விளையாடுவோம். அந்த வரிசையில் கிடைத்த சிநேகிதர் இரண்டு பேர் மகளின் கலியாணத்துக்கு வந்தார்கள்.


பழைய_ஆல்ட்டோ | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 10.50

போய் வந்தாயிற்று. கை இன்னும் ஸ்டியரிங் பிடித்த மாதிரியே இருக்கிறது, ஆனால் நாளைக்கு விட்டால் எழுத மாட்டேன்.

சனி விடிய ஐந்துக்குப் புறப்பட்டோம். கித்துல்கலை வரை அம்மா முன் சீற்றில் தேசிக்காயோடு. கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு விறகு லொறிக்குப் பின்னால் மாட்டி ஏழெட்டு கிலோமீற்றர் இரண்டாம் கியரிலேயே போனேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கு இரண்டு தடவை ஒதுங்கி விட்டேன், கணக்கர் கவனிக்க. லொறியின் பின்பலகையில் "பொறுமை" என்று எழுதியிருந்தது. அம்மா அதை எனக்கு நாலு தடவை வாசித்துக் காட்டினார்.

ஹட்டனில் பின்னேரம் பனி இறங்கி முன்னால் இருந்த கடைகூடத் தெரியவில்லை. அறைக்குள்ளேயே இருந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் படுத்துவிட்டோம். மவுசாக்கலைக்குப் போகவில்லை, தண்ணீர் நிறைய என்று கடைக்காரர் சொன்னார்.

ஞாயிறு காலை பொகவந்தலாவை. தேவாலயத்தில் பூசை நடந்துகொண்டிருந்ததால் கல்லறையைத் தள்ளி நின்றுதான் பார்த்தோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் சொல்ல வேண்டியது. ஊர் தாண்டி ஒரு கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில், கால் மரத்துவிட்டது, நிறுத்து என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தவர்கள் ஐந்தாறு பேர் நிறுவைக்குக் காத்திருந்தார்கள். அம்மா இறங்கி நொண்டி நொண்டி நடந்ததைப் பார்த்து ஒருவர், "முழங்காலா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாற்பது நிமிடம் எனக்கு அங்கே வேலை இல்லை. யாருக்கு எந்தக் கால், எந்த டாக்டர் என்ன சொன்னார், எந்த எண்ணெய் பூசினால் இரவில் தூக்கம் வரும் என்று ஒரே கதை. மலை ஏறி இறங்கி அவர்களுக்கு வந்த வலியும், மூன்றாம் மாடி பிளட்ஸில் ஏறி இறங்கி அம்மாவுக்கு வந்த வலியும் ஒரே இடத்திலாம். ஒரு பாட்டி நொச்சி இலை அவித்து ஒற்றடம் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் என்னிடம் வந்து கார் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். "அந்தக் காசுக்கு ஒரு லயனையே வாங்கலாமே" என்றார் (லயன் என்றால் தோட்டத்து ஆட்கள் இருக்கிற வரிசை வீடு), எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் எனக்கு அது முழுப் பகிடி இல்லை என்று விளங்கியது.

போன் சட்டைப் பையிலேயே இருந்தது.

பலாங்கொடை இறக்கத்தில் ஒரு இடத்தில் பஸ் நேரே வந்துவிட்டது. அவன் ஏறுகிறான், நான் இறங்குகிறேன், ஆகவே நான்தான் பின்னுக்கு எடுக்க வேண்டும். அறுபது எழுபது மீற்றர் ரிவேர்ஸ், ஒரு பக்கம் கான், மறு பக்கம் ஒன்றுமே இல்லை. அம்மா கந்தசஷ்டி கவசம் தொடங்கி "காக்க காக்க" வரும்போது இடம் கிடைத்துவிட்டது. பஸ்காரர் கையைத் தூக்கிவிட்டுப் போனார். அந்தக் கைக்காகவே இன்னொரு தடவை பின்னுக்கு எடுப்பேன்.


கணக்கர் | ஞாயிறு, இரவு 11.05

மொத்தம் எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்?


பழைய_ஆல்ட்டோ | ஞாயிறு, இரவு 11.10

மீற்றரில் 334. ஓடிய நேரம் மட்டும் பதின்மூன்று மணித்தியாலம் வரும்.


கணக்கர் | ஞாயிறு, இரவு 11.12

மணிக்கு 26 கிலோமீற்றரும் இல்லை. சட்டப்படி முச்சக்கரவண்டியே 40 இல் போகலாம்.


இரண்டாம்_கியர் | திங்கள், காலை 5.40

முன் பிறேக் பாட் பார்த்தீர்களா? இப்படி ஒரு ஓட்டத்துக்குப் பிறகு கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும்.


கொழுந்துக்கூடை | திங்கள், காலை 8.10

தம்பி, நீங்கள் சொல்கிற மடுவம் எதுவென்று எனக்குத் தெரியும் போல இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய சவுக்கு மரம் நின்றதா? நின்றிருந்தால் நிறுவைக்காரர் வர எப்போதும் பிந்தும். அம்மாவுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது அதனால்தான்.


பழைய_ஆல்ட்டோ | திங்கள், மாலை 4.20

மரம் நின்றது அண்ணே, என்ன மரம் என்று பார்க்கவில்லை. பாட் இரண்டும் மாற்ற வேண்டுமாம்.

வெள்ளவத்தைப் பக்கம் நொச்சி இலை எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா? அம்மா காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்.


ஒழுங்கை | திங்கள், மாலை 4.45

எங்கள் வீட்டு மதிலோரம் ஒரு மரமே நிற்கிறது, வந்து ஒடியுங்கள். ஐந்தரைக்குக் காலி வீதியால் வராதீர்கள், தெஹிவளைப் பாலத்தில் அசையாது. உள்ளால் வாருங்கள், வழி தனிமடலில் அனுப்புகிறேன்.